கொல்லைப்புறத்தில் கழிந்த ஒரு வருடம்: பக்கலார் ஏரியூர் விடுதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மெக்சிகோவின் தென்கிழக்குக் கோடியில், கின்டானா ரோ மாநிலத்தில் இருக்கிறது பக்கலார். மாநிலத் தலைநகர் செட்டுமால் சுமார் 40 கி.மீ. தெற்கே இருக்கிறது. அதைத் தாண்டினால் பெலீஸ் நாடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊரில் சுமார் 12,500 பேர். மேட்டில் ஊர், கீழே ஏரி. 40 கி.மீ.க்குக் குறையாத நீளம், 2 கி.மீ.கூட வராத அகலம், முழுக்க நன்னீர். கடற்கொள்ளையரைத் தடுக்க 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கட்டிய சான் ஃபெலிப்பே கோட்டை ஏரியைப் பார்த்தபடி நிற்கிறது. 2006இல் மெக்சிகோ அரசு இந்த ஊரைத் தன் ‘புவெப்லோ மாஹிக்கோ’ சுற்றுலாப் பட்டியலில் சேர்த்தது. அதன்பிறகு தெருவுக்கு நாலு விடுதி வந்துவிட்டது.

ஊர் விற்பது ஒரே ஒரு சரக்கு: நிறம். அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு, மேலே சத்துகள் மிகக் குறைந்த தெளிந்த நீர், இடத்துக்கு இடம் மாறும் ஆழம். இவை சேர்ந்துதான் வெளிர்பச்சையிலிருந்து கருநீலம் வரை காட்டுகின்றன. ‘ஏழு நிற ஏரி’ என்பது விளம்பரப் பலகைகளில் எல்லாம் இருக்கும் பெயர். தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து, சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியாக வருகிறது. கரையோரம் பாறை போலத் தெரிகிற ஸ்ட்ரோமடோலைட்டுகள், நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக, மிக மெதுவாகக் கட்டியெழுப்பியவை. அவற்றுக்கு வெயில் வேண்டும். வெயில் அடிவரை இறங்க, நீர் தெளிவாக இருக்க வேண்டும்.

இந்த ஆய்வில் வரும் குடும்பம் கரையிலிருந்து இரண்டு தெரு மேலே, சரிவில், சில அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறது. அறுபதைத் தாண்டிய அம்மாள்தான் உரிமையாளர். படகோட்டும் மகன், சமையலைப் பார்க்கும் மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. உறவினர் ஒருவரின் படகுத்துறையில் மகனின் மோட்டார் படகு நிற்கும். பறவைத் தீவு, கறுப்பு செனோட்டே (நிலத்தடி நீர் திறந்து தெரியும் ஆழ்குழி), கடற்கொள்ளையர் கால்வாய் என்று சுற்றிக் காட்டுவான். நான் அப்போது பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவர்கள் சமையலறை மேசையில் கணக்குப் பார்க்கும்போது பல தடவை உடன் இருந்திருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

மார்ச் – மே 2020: அடைத்த கதவு

மார்ச் 23 அன்று மெக்சிகோ முழுவதும் கொரோனா இடைவெளிக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரல் 5 முதல் 12 வரை புனித வாரம். வருடத்திலேயே அதிக வரும்படி தரும் அந்த வாரத்துக்கு எல்லா அறைகளுக்கும் முன்பணம் வாங்கியிருந்தார்கள். முதல் முடிவு அதைப் பற்றியது. பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு தேதிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிக் கையில் வைத்துக்கொள்வதா? மகன் இரண்டாவதைச் சொன்னான். ஊரில் பாதிப்பேர் அதைத்தான் செய்தார்கள். அம்மாள் முழுவதையும் திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்ன காரணம் இரக்கம் அல்ல. பதிவு செய்திருந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து யுகடான் மாநிலத் தலைநகரான மெரிடாக்காரர்கள், செட்டுமால்காரர்கள். வருடா வருடம் வருகிறவர்கள். “நாலு மணி நேரத்தில் காரில் வந்து வாசலில் நின்று கேட்கக்கூடிய ஆள்களின் பணம் இது” என்றார்.

கையிருப்பு கரைந்தது. மருமகள் வாசலில் ஒரு மேசை போட்டு, மாலையில் பனுச்சோவும் சல்புட்டேவும் விற்க ஆரம்பித்தாள். இரண்டுமே சோளமாவு அடையை எண்ணெயில் பொரித்துச் செய்வது. ஞாயிற்றுக்கிழமை கொச்சினீத்தா, அதாவது சிவப்பு மசாலாவில் ஊறவைத்து வேகவிட்ட பன்றிக்கறி. வாங்கியவர்கள் எல்லாரும் தெருக்காரர்கள்தான். சிலர் காசுக்குப் பதில் முட்டையோ எலுமிச்சையோ கொடுத்துவிட்டுப் போவார்கள். ஏப்ரலில் பெரிய பீர் ஆலைகள் அத்தியாவசியமற்றவை என்று உற்பத்தியை நிறுத்தியதில் கடைகளில் பீர் காணாமல் போனது. பனுச்சோவுக்குத் துணையாக மருமகள் போட்டுத் தந்த செம்பருத்திச் சாறு நன்றாக ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் இந்த மாதங்களில் வந்தது. வாசலில் குளோரின் நனைத்த கால்மிதி. தரை, மேசை, கழிவறை எல்லாவற்றையும் தினமும் குளோரின் கலந்த நீரால் கழுவுவது. இதையும் பொரித்த எண்ணெயையும் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் அப்போது யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன்: நிறம் போனது

ஜூன் முதல் வாரம், பசிபிக் பக்கமிருந்து வந்த அமாண்டா புயலின் மிச்சமும் மெக்சிகோ வளைகுடாவில் உருவான கிறிஸ்டோபல் புயலும் அடுத்தடுத்து வந்ததில், பக்கலார் இருக்கிற யுகடான் தீபகற்பம் முழுக்க நாள் கணக்கில் மழை கொட்டியது. கம்பெச்சே, யுகடான் மாநிலங்கள், தெற்குக் கின்டானா ரோ எங்கும் வயல்களும் கிராமங்களும் மூழ்கின. ஏரி மட்டம் ஏறி, படகுத்துறைகளின் பலகைகள் தண்ணீருக்குள் போயின. பிறகு மேற்கே இருந்து வந்த வெள்ளம் ஏரியில் கலந்தது. ஏரி கடுங்காப்பி நிறத்துக்கு மாறியது. மகன் படகிலிருந்து குனிந்து கையை முழங்கைவரை நீருக்குள் விட்டுக் காட்டினான். விரல் தெரியவில்லை. முந்தைய மாதம் அதே இடத்தில் நங்கூரக் கயிறு அடிவரை தெரிந்தது.

மாநில அரசு தொற்று அபாயத்துக்கான நிற விளக்கு முறையில் மாநிலத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. கன்கூன் இருக்கிற வடபகுதிக்கு ஜூனிலேயே ஆரஞ்சு கிடைத்து ஹோட்டல்கள் திறந்தன. பக்கலார் அடங்கிய தென்பகுதி சிவப்பிலேயே நின்றது. பார்க்க ஆளில்லாத நேரமாகப் பார்த்து நிறம் போனதே, அதுவரை அதிர்ஷ்டம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் வந்திருந்தால் கேள்வி கேட்டிருப்பார்கள்.

கவனித்தவை

மகனின் தாய்மாமா ஏரிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் மில்பா போடுகிறவர். சோளமும் அவரையும் பூசணியும் ஒரே நிலத்தில் கலந்து விதைக்கிற மாயா முறை அது. மழையை நம்பி விதைத்த விதை அத்தனையும் போய்விட்டது. உதவப் போன மகன் திரும்பி வந்து சொன்னது இதுதான்: காடு இருக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கி நின்று மெல்ல இறங்குகிறது. காட்டை அழித்து டிராக்டர் ஓட்டிய நிலத்தில் மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. அந்த மண்ணும் மக்கிய இலைதழையின் சாறும்தான் ஏரிக்கு வந்த நிறம். ஊரில் பலர் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குடியிருப்புகளில் இருக்கும் பெரிய பண்ணைகளைக் கைகாட்டினார்கள். காடழிப்பில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் மேய்ச்சலுக்கு வெட்டியவர்களும் மனை போட வெட்டியவர்களும் அந்தப் பேச்சில் வசதியாக மறைந்துபோனார்கள்.

இரண்டாவது கவனிப்பு வீட்டுக்குப் பின்னால். ஊரில் பல வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லை. இந்த விடுதியின் கழிவெல்லாம் போனது அம்மாளின் மாமனார் காலத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் தோண்டிய ஒரு குழிக்கு. பக்கச் சுவரும் இல்லை, அடித்தளமும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதை அள்ள வேண்டி வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மழையில் நிலத்தடி நீர் ஏறியதும் குழி நிரம்பி, எலுமிச்சை மரத்தடியில் வெளியே வந்தது. அங்கிருந்து சரிவில் கீழ்த்தெருவுக்கு ஓடியது. கீழ்த்தெருவுக்கு அப்பால் ஏரி.

“அள்ளவே வேண்டியிருந்ததில்லை என்றால் அத்தனையும் எங்கே போயிருக்கும்?” என்று கேட்டது பேத்தி. பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுண்ணாம்புப் பாறை எதையும் பிடித்து வைக்காது.

ஜூலை: 25,000 பெசோவை என்ன செய்வது

அந்த வருடம் கூட்டாட்சி அரசு சிறு தொழில்களுக்கு அடமானம் இல்லாமல், வாக்கை நம்பி 25,000 பெசோ கடன் கொடுத்தது. முதல் 3 மாதம் தவணை கிடையாது. மொத்தம் 3 வருடத்தில் அடைக்க வேண்டும். வீட்டுக்குக் கடன் கிடைத்தது. மூன்று யோசனைகள் வந்தன. மகன், படகு மோட்டாரைப் பழுது பார்த்துத் தயாராக வைக்கலாம் என்றான். மருமகள் பெரிய உறைபெட்டி வாங்கி உணவு விற்பனையை விரிக்கலாம் என்றாள். அம்மாள் குழியை மூடிவிட்டு, கழிவைச் செரிக்கவைக்கும் பிளாஸ்டிக் தொட்டி போட வேண்டும் என்றார்.

சண்டை பல நாள் நீடித்தது. வரும்படி தருகிற எதிலும் போடாமல் கழிவறைக்காகப் பணத்தைப் புதைப்பதா என்பது மகனின் வாதம். நியாயமான வாதம்தான். அம்மாள் ஜெயித்ததற்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, கீழ்த்தெருக்காரர் நகராட்சியில் புகார் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தார். இன்னொன்று அம்மாளே சொன்னது: ஆள் வராத நேரத்தில்தான் கொல்லையைத் தோண்ட முடியும். விருந்தாளி இருக்கும்போது கழிவறையை ஒரு வாரம் மூட முடியாது.

தோண்டியது மகனும் மாமாவும். மேலே ஒரு சாண் மண். அதன் கீழ் கடப்பாரைக்கும் சுலபத்தில் இளகாத சுண்ணாம்புப் பாறை. தொட்டி இறங்கியது. அதன் அடியில் சேறு வடிக்கும் வால்வு, பக்கத்தில் சேறு காயவைக்க ஒரு சிறு தொட்டி, வெளியேறும் நீர் இறங்கச் சரளைக்கல் போட்ட வாய்க்கால். கடன் பணம் போதவில்லை. மகன் தன் மோட்டாரை செட்டுமால்காரர் ஒருவருக்கு விற்றான். மிஞ்சியதில் பழைய கயாக்குகள், அதாவது துடுப்பு போடும் சிறு படகுகள், வாங்கினான். பெட்ரோல் செலவில்லாமல் விடியற்காலை வாடிக்கையாளரை அழைத்துப் போகலாம் என்பது கணக்கு. அதை அவன் விரும்பிச் செய்யவில்லை. இன்றும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மாறும்.

ஆகஸ்ட் – நவம்பர்: வகுப்பறை, மாதவாடகை, நாற்றம்

ஆகஸ்ட் 24 முதல் மெக்சிகோவில் பள்ளிப் பாடம் தொலைக்காட்சியில் ஓடியது. வீட்டில் நன்றாகத் தெரிகிற ஒரே டிவி விடுதிச் சாப்பாட்டு அறையில் இருந்தது. பேத்தியும் தெருப் பிள்ளைகள் சிலரும் அங்கேதான் படித்தார்கள். காலை உணவு பரிமாறும் நேரத்தை அதற்காகவே முன்னால் நகர்த்தினார்கள்.

செப்டம்பரில் மெக்சிகோ நகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை, எங்கிருந்தாலும் சரி என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். அவர்கள் ஏரி நிறத்தைக் கேட்கவேயில்லை. இணைய வேகத்தைத்தான் கேட்டார்கள். அடுத்து இன்னும் சிலர் வந்தார்கள். அறைகளில் பாதியை மாதவாடகைக்கு விடுவது என்று முடிவானது. மாதவாடகை, நல்ல சீசனில் பத்து இரவுகளில் கிடைப்பதற்குச் சமம். குறைவுதான், ஆனால் மாதா மாதம் வரும். சாப்பாட்டு அறையின் ஒரு மூலைக்கு நல்ல நாற்காலியும் மின்சாரப் பலகையும் வந்தன. குளிர்சாதனம் எந்நேரமும் ஓடியதில் மின்கட்டணம் எகிறியது. இரண்டாவது பில்லுக்குப் பிறகு அறைக்குத் தனி மீட்டர் வைத்து, வாடகைக்கு மேல் மின்சாரத்துக்குத் தனியாக வாங்கினார்கள்.

அக்டோபரில் காமா, டெல்டா, சீட்டா என்று ஒரே மாதத்தில் மூன்று புயல்கள் தீபகற்பத்தின் வடகிழக்குப் பகுதியில் கரை கடந்தன. பக்கலாருக்குப் பெரிய சேதமில்லை. முன்பதிவுகள் மட்டும் உதிர்ந்தன.

அதே மாதத்தில் புதுத் தொட்டி நாற ஆரம்பித்தது. குடிவந்த பெண் ஜன்னலை மூடிவைத்தே வேலை பார்த்தாள். தொட்டி மட்டமான சரக்கு என்று மகன் கொதித்தான். செட்டுமாலிலிருந்து வந்த குழாய் வேலைக்காரர் மூடியைத் திறந்து, ஒரு குச்சியால் மேலே தள்ளிப் பார்த்தார். விரல் கனத்துக்கு மஞ்சள் கொழுப்பு ஆடை. அடுத்து அவர் கேட்ட கேள்வி, “கழிவறையை எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள்?”

அந்தத் தொட்டி வேலை செய்வதே உள்ளே வளரும் பாக்டீரியாவால். மாதக்கணக்கில் தினமும் ஊற்றிய குளோரின் அவற்றைக் கொன்றுகொண்டிருந்தது. சமையலறைக் குழாயையும் அதே தொட்டியில் இணைத்திருந்ததால் பொரித்த எண்ணெய் போய் மேலே உறைந்து, வடிகட்டியை அடைத்தது. உயிரைக் காக்கச் செய்த சுத்தமும், பிழைப்புக்காகப் போட்ட வாசல் மேசையும் சேர்ந்து தொட்டியைக் கெடுத்துவிட்டன. வாங்கும்போது இந்த எச்சரிக்கை எதையும் விற்றவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அச்சடித்த தாளில் இருந்தது. தாள் கொட்டகையில் கிடந்தது.

செய்த திருத்தங்கள்: சமையலறை நீருக்குத் தனிக் கொழுப்புத் தொட்டி. பொரித்த எண்ணெயைப் புட்டியில் சேர்த்து வைப்பது. கழிவறைக்கு சோப்பு நீர், குளோரின் கைபடும் இடங்களுக்குத் துணியில் மட்டும். தொட்டியைப் பாதி வடித்து, நன்றாக ஓடுகிற இன்னொரு தொட்டியின் சேற்றை ஒரு வாளி ஊற்றி மறுபடி உயிர் கொடுப்பது. சில வாரங்களில் நாற்றம் அடங்கியது.

அதற்குள் ஹனால் பிக்சான் வந்துவிட்டது. இறந்தவர்களுக்கு உணவு படைக்கும் மாயா நாள்கள், அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை. மண்ணுக்குள் குழி வெட்டி, வாழையிலையில் பொதிந்த சோளமாவு அடையைச் சுட வேண்டும். எப்போதும் குழி வெட்டும் இடத்தில் இப்போது சரளை வாய்க்கால். மாமனாரின் படத்துக்கு முன்னால் அம்மாள் அந்த வருடம் பேக்கரி அடுப்பில் சுட்ட அடையைத்தான் வைத்தார். குறைப்பட்டுக்கொண்டேதான் வைத்தார்.

டிசம்பர் – ஏப்ரல் 2021: விளைவு

மழைக்காலம் முடிந்து வண்டல் படிய, நிலத்தடியிலிருந்து தெளிந்த நீர் வர, ஏரி திட்டுத் திட்டாக வெளுத்தது. குளிர்காலத்தில் பல இடங்களில் நீலம் தெரிந்தது. எல்லா இடத்திலும் பழையபடி ஆகவில்லை. இதில் அந்த வீட்டுத் தொட்டிக்குப் பங்கு இருப்பதாக நான் சொல்லமாட்டேன். ஒரு வீட்டுக் குழியால் ஏரி கறுக்கவில்லை, ஒரு வீட்டுத் தொட்டியால் வெளுக்கவும் இல்லை.

முன்பணம் திரும்பப் பெற்ற மெரிடா குடும்பங்களில் சில டிசம்பர் விடுமுறைக்கு வந்தன. 2021 புனித வாரம் மார்ச் 28 முதல் ஏப்ரல் 4 வரை. அதற்கு அறைகள் நிறைந்தன. ஆனால் நிறைக்கக் கையில் இருந்தது பாதி அறைகள்தான். மீதியில் மாதவாடகைக்காரர்கள். அந்த ஒரு வாரத்தில் விட்ட வரும்படியை மகன் காகிதத்தில் எழுதிக் காட்டினான். அம்மாள் செப்டம்பர் முதல் வந்த வாடகைகளை அதே காகிதத்தின் பின்பக்கம் எழுதினார். பின்பக்கத்துத் தொகைதான் பெரிது. இருந்தாலும் அடுத்த வருடமும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மகன் சொன்னதும் சரிதான்.

கயாக் சுற்று மோட்டார் படகின் வருமானத்தைத் தொடவில்லை. வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் அதில் அழைத்துப்போக முடியாது. விடியற்காலை வருகிறவர்கள் திரும்பி வந்து காலை உணவும் அங்கேயே சாப்பிட்டார்கள் என்பதால் மருமகளின் மேசைக்கு லாபம். இப்போது ஏரிக்கு ஓய்வு என்று புதன்கிழமைகளில் மோட்டார் படகுகள் ஓடுவதில்லை. அன்றைக்கு மட்டும் மகனின் கயாக்குக்கு ஆள் வரிசையில் நிற்கும்.

மாற்ற வேண்டியவை

குடும்பமே சொன்னவற்றை முதலில் எழுதுகிறேன். கொழுப்புத் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு முன்பே வைத்திருப்பார்கள். செலவு சொற்பம், ஒரு நாள் வேலை. மோட்டாரை விற்றிருக்க மாட்டார்கள் என்பது மகன் கட்சி. உறைபெட்டிக்குக் காத்திருந்த மருமகளுக்கு இன்னும் உறைபெட்டி வரவில்லை. இந்த வருடத்தில் மிகக் குறைவாகக் கேட்டு மிக அதிகமாகச் சம்பாதித்தவள் அவள்தான் என்பதை நான் இங்கே பதிவு செய்கிறேன்.

என் தரப்பில் இரண்டு. மாதவாடகை ஒப்பந்தங்களைப் புனித வாரத்துக்கு முன் முடியும்படி எழுதியிருக்கலாம். அல்லது அந்த வாரத்துக்கு மட்டும் கூடுதல் வாடகை என்று முன்கூட்டியே பேசியிருக்கலாம். குடியிருந்தவர்களில் இருவர் அந்த நெரிசலில் ஊரில் இருக்க விரும்பாமல் எப்படியும் வெளியூர் போயிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. மற்றது, வெளியேறும் நீர். தொட்டி கழிவைச் செரிக்கும். ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரோடு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். சத்துக் குறைவால் தெளிந்திருக்கிற ஏரிக்கு அதுதான் பெரிய கேடு. சரளை வாய்க்காலுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, அதில் வாழையும் கல்வாழையும் நட்டிருந்தால் செடிகள் ஒரு பங்கை இழுத்துக்கொண்டிருக்கும். அதை 2021 மழைக்கு முன் செய்ய ஆரம்பித்தார்கள். வாய்க்காலை மறுபடி முழுக்கத் தோண்ட வேண்டியிருந்தது.

கடனில் அப்போது 2 வருடத்துக்கு மேல் தவணை பாக்கி இருந்தது. கீழ்த்தெருக்காரர் புகார் கொடுக்கவில்லை. அவர் வீட்டுக் கழிவும் பழைய குழிக்குத்தான் போகிறது. தொட்டி என்ன விலை, எத்தனை நாள் தோண்டினீர்கள் என்று ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.